கேரவன் ஸ்கைலைட்டுக்கு உள்சட்டம் இல்லையா? அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை முழு வழிகாட்டி

பழைய கேரவன் வாங்குகிறவர்கள் எஞ்சின், டயர், ஏசி எல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் இது தெரியும். கூரைக் கண்ணாடியைச் சுற்றி உட்புறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் சட்டம் இருக்காது. வெட்டிய பிளைவுட் ஓரம், மஞ்சளாகிப்போன ஃபோம், எட்டிப் பார்க்கும் ஒயர், சில வண்டிகளில் ஒரு குளவிக்கூடு. ஃபேன் மாற்றக் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். இல்லையென்றால் வெயிலில் மூலை விரிசல் விட்டு உடைந்து போயிருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளில் இரண்டாவது காரணம்தான் அதிகம்.

அழகுக் குறைதானே என்று ஒரு பீடிங்கை வாங்கி சிலிக்கான் வைத்து ஒட்டிவிடாதீர்கள். சட்டம் இல்லாத இந்தச் சமயத்தில்தான் கூரையின் உள்பகுதியைக் கண்ணால் பார்க்க முடியும். மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். மூடிய பிறகும் எப்போது வேண்டுமானாலும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கும்படி மூட வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

முதல் கேள்வி: உங்கள் ஸ்கைலைட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

ஸ்கைலைட்டில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் உள்சட்டம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை முற்றிலும் வேறு.

முதல் வகையில் மேல்பாகம் கூரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும், உள்சட்டம் கீழிருந்து ஸ்க்ரூவால் அதை இழுத்துப் பிடிக்கும். கூரை நடுவில் மாட்டிக்கொள்ளும், சாண்ட்விச் போல. ஐரோப்பிய வகை 400 × 400 மி.மீ. ஸ்கைலைட்டுகள் பலவும் இப்படித்தான். இதில் உள்சட்டம் இல்லையென்றால் மேல்பாகத்தைப் பிடித்திருப்பது பழைய சீலன்ட் மட்டுமே. அந்த வண்டியை பைபாஸில் ஓட்டக் கூடாது. மூடி காற்றில் பிய்த்துக்கொண்டு போய் பின்னால் வருபவர் மேல் விழும்.

இரண்டாம் வகையில் மேல்பாகத்தின் விளிம்பையே கூரையின் மேலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். 14 அங்குலச் சதுர வென்ட்டுகள், அதாவது 356 × 356 மி.மீ. துளையில் உட்காரும் ஃபேன் வைத்தவை, பெரும்பாலும் இந்த வகை. இங்கே உள்சட்டத்துக்கு மூன்று வேலைதான்: வெட்டிய ஓரத்தை மறைப்பது, கூரைக்குள் இருக்கும் சூட்டுக் காற்று உள்ளே இறங்காமல் தடுப்பது, பூச்சி பல்லி நுழையாமல் பார்ப்பது.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க டார்ச் போதும். துளையின் உள்ளோரத்தில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு 8 முதல் 12 வரை சிறு பிளாஸ்டிக் குழல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்க்ரூ ஏறிய தடம் இருந்தால் முதல் வகை. கூரை மேல் ஏறிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூ தலைகள், அல்லது அவற்றை மூடிய சீலன்ட் மேடுகள் தெரிந்தால் இரண்டாம் வகை. பெரிய சைஸ் ஜன்னல்களில் மூன்றாவதாக ஓர் ஏற்பாடு உண்டு: உலோகப் பட்டைகள் உள்ளிருந்து கூரையைக் கவ்வியிருக்கும், உள்சட்டம் அவற்றின் மேல் மறைப்பாக மட்டும் வரும். பட்டைகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அதை இரண்டாம் வகை போலவே நடத்தலாம்.

முதல் வகை என்று தெரிந்து, சட்டம் தயாராகும்வரை வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு தற்காலிக வழி இருக்கிறது. 50 × 25 மி.மீ. ரீப்பர் இரண்டை, துளையைவிட 15 செ.மீ. நீளமாக வெட்டி, உள்ளிருந்து குறுக்கே வைத்து, எதிரெதிர் குழல்களில் வாஷர் போட்ட ஸ்க்ரூவால் பிடியுங்கள். பட்டறைவரை மெதுவாகப் போய்ச் சேர இது போதும்.

அசல் பாகத்துக்கு ஒரு முறை தேடுங்கள்

மூடியின் மூலையிலோ சட்டத்தின் உள்பக்கத்திலோ தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் அச்சாகியிருக்கும். ஃபோட்டோ எடுத்து, கூரையின் கனத்தையும் சேர்த்து பாகம் விற்பவருக்கு அனுப்புங்கள். கனம் சொல்லாமல் வாங்கினால் தவறான சட்டம் வந்து சேரலாம். ஒரே மாடலுக்கு வெவ்வேறு கனத்துக்கு வெவ்வேறு சட்டம் உண்டு.

சட்டத்திலேயே கொசுவலையும் வெயில்மறைப்பும் சேர்ந்து வரும் மாடலாக இருந்தால், காசு கூடினாலும் அசலையே வாங்குங்கள். அந்தச் சுருள் திரையை வீட்டில் செய்ய முடியாது. இரவில் வலை இல்லாமல் ஸ்கைலைட்டைத் திறந்து வைத்துத் தூங்க இந்தப் பக்கத்துக் கொசு விடாது. வலை தனியாக இருக்கிறது, அல்லது சட்டம் வெறும் மறைப்புதான் என்றால் கையால் செய்வதே மேல். உங்கள் கூரைக்கு அளவெடுத்த சட்டம் அச்சில் வந்ததைவிட ஒட்டி உட்காரும்.

மூடும் முன்: ஒழுகல்

இதைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒழுகப்போவதை சித்திரை வெயிலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒருவர் உள்ளே டார்ச்சுடன் நிற்க, ஒருவர் மேலே ஹோஸ் பிடிக்க வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம். அது நல்ல சீலன்ட்டையும் பிய்த்து உள்ளே தண்ணீர் ஏற்றிவிடும். ஹோஸ் வாயில் ஒன்றும் மாட்டாமல் தண்ணீரைச் சும்மா வழிய விடுங்கள். முதலில் ஸ்கைலைட்டுக்குக் கீழ்ச்சரிவில் ஐந்து நிமிடம், பிறகு இரு பக்கங்களில் ஐந்தைந்து, பிறகு முன்பக்க விளிம்பில் ஐந்து, கடைசியாக மூடியின் மேல் ஐந்து. கீழிருந்து மேலே போனால்தான் எந்த இடத்தில் நுழைகிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். முன்பக்க விளிம்பைக் கவனமாகப் பாருங்கள். ஓடும்போது மழை அடிப்பது அங்கேதான்.

ஸ்கைலைட் ஓரத்தில் சொட்டினால் ஸ்கைலைட்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கூரையின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் வெகுதூரம் ஓடும். ஏசியின் அடிப்பாகம், ஆன்டெனா, கேரியர் போல்ட் எங்கிருந்து நுழைந்தாலும் வெளியே வர அதற்குக் கிடைக்கும் ஒரே ஓட்டை இந்தத் துளை. சந்தேகமாக இருந்தால் ஸ்கைலைட்டைச் சுற்றி மேலே பாலித்தீன் தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டு மற்ற இடங்களில் தண்ணீர் விடுங்கள். அப்போதும் சொட்டினால் குற்றவாளி வேறு.

அடுத்து மரத்தைக் குத்திப் பாருங்கள். கூர்மையான ஊசியால் வெட்டோரத்தைச் சுற்றி 5 செ.மீ.க்கு ஒரு குத்து. நல்ல மரத்தில் ஊசி நுனி மட்டும் இறங்கும். வெண்ணெயில் இறங்குவதுபோல 4, 5 மி.மீ. போனால் அங்கே இற்றுவிட்டது. அந்த இடத்தை உளியால் நல்ல மரம் வரும்வரை எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும். மண்போல உதிர்ந்து உள்ளே சுரங்கம் தெரிந்தால் அது கரையான். மருந்து அடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

ஈரம் காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஒரு சாண் சதுரப் பாலித்தீன் தாளை வெட்டோரத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஃபேன் வைத்துத் திறந்து போட்டால் கோடையில் மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஈரத்தை உள்ளே வைத்துச் சட்டத்தை மூடினால் பூசணம் உறுதி.

மேலே மறுபடி அடைக்க வேண்டியிருந்தால், விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் போன்ற அடைப்புப் பட்டை), ஸ்க்ரூ தலைகளின் மேல் கூரைக்கான சீலன்ட். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள பியூட்டைல் டேப் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர் ஆகும். பழைய சிலிக்கானைச் சுரண்டி முழுவதும் எடுக்காமல் புதிது போடாதீர்கள். ஆறிப்போன சிலிக்கான்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கான் உட்பட. புளித்த காடி வாசம் வரும் சாதாரண சிலிக்கானைத் தகரக் கூரைக்கு வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. மூடி பெரும்பாலும் அக்ரிலிக். தின்னர், பெட்ரோல், அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் அதில் படக் கூடாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாளில் சிலந்தி வலைபோல நுண்விரிசல் பரவிவிடும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும்.

அளவு

ஆசாரிகள் நூல் கணக்கில் பேசுவார்கள்; எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் கிட்டத்தட்ட 3 மி.மீ. இந்த வேலைக்கு அரை நூல் பிசகினாலும் தெரியும், ஆகவே மில்லிமீட்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

துளையின் அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்திலும், நீளத்தை அதேபோல மூன்று இடத்திலும் எடுங்கள். இருப்பதிலேயே சின்ன அளவுதான் கணக்கு. மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் பாருங்கள், 3 மி.மீ.க்குமேல் வித்தியாசம் இருந்தால் துளை சதுரமாக இல்லை, அதற்கேற்பச் சட்டத்தின் விளிம்பு அகலம் கூட வேண்டும். டேப்பின் நுனிக் கொக்கி ஆடும் என்பதால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து பிறகு கழித்துக்கொள்வது நல்லது.

ஆழம்தான் ஏமாற்றும் அளவு. உள்கூரைப் பரப்பிலிருந்து ஸ்கைலைட்டின் அடிவிளிம்புவரை, நான்கு மூலை, நான்கு பக்க நடு என எட்டு இடத்தில் எடுங்கள். டெம்போ டிராவலர் வகை வண்டிகளின் கூரை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எட்டு அளவும் ஒன்றாக வந்தால் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் எங்கோ தவறு.

முதல் வகைக்குக் குழல்கள் எங்கே இருக்கின்றன என்பதை டேப்பால் அளப்பது வீண் வேலை. கெட்டி அட்டையில் சட்டத்தின் வெளியளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, நடுவில் துளைக்கு இடம் விடுங்கள். கோலமாவைத் தண்ணீரில் நடுவீட்டுக் கோலத்துக்குக் கரைப்பதைவிடக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு குழலின் வாயிலும் விரலால் தொட்டு வையுங்கள். அட்டையை நேராக மேலே கொண்டுபோய் ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தால் எல்லாக் குழலும் வெள்ளை வளையமாகப் பதிந்திருக்கும். வளையத்தின் நடுதான் ஸ்க்ரூ துளை. அட்டையில் வண்டியின் முன்பக்கம் எது என்று அம்பு போட்டுவிடுங்கள். சதுரமாகத் தெரிந்தாலும் குழல்கள் சமச்சீராக இருக்காது; திருப்பி வைத்தால் ஒன்றும் பொருந்தாது.

குழலின் உள்ளாழம் எவ்வளவு என்று பார்க்க ஓர் ஈர்க்குச்சி போதும். முட்டும்வரை உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் நகத்தால் கிள்ளி, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள்.

எதில் செய்வது

காரைக்குடியில் இருப்பவர்களுக்குக் கையருகே ஒரு வசதி இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் துண்டுகள் கிடைக்கும். பல தலைமுறை காய்ந்த மரம். வெயிலுக்கும் ஏசிக்கும் மாறி மாறி ஆளானாலும் புதுமரம்போல முறுக்கிக்கொள்ளாது. உள்ளிருந்து பார்த்தால் தெரியும் முகச்சட்டத்துக்கு இதைவிட நல்ல பொருள் சொல்ல முடியாது. வாங்கும்போது ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் பழைய ஆணி இழைப்புளியின் அலகையும் ரம்பத்தின் பல்லையும் ஒரே வெட்டில் கெடுத்துவிடும். கருநீலக் கறை இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்தது. செதுக்கு வேலை உள்ள நிலைத் துண்டைச் சட்டத்துக்காக அறுக்காதீர்கள். சாதாரண ரீப்பர், கைமரத் துண்டு போதும்.

எடை பற்றிப் பயப்பட வேண்டாம். 436 மி.மீ. சதுரம், 48 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம் உள்ள தேக்குச் சட்டம் அரைக் கிலோவைத் தாண்டாது.

துளையின் உள்சுவரை மறைக்கும் பட்டைக்கு 3 மி.மீ. ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது) நன்றாக ஒத்துவரும். போர்டு செய்யும் கடைகளில் வெட்டுத் துண்டாகவே கொடுப்பார்கள். மல்டிவுட் என்று விற்கும் பிவிசி ஃபோம் போர்டு வெட்டச் சுலபம்தான், ஆனால் சுமார் 70 டிகிரியில் இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடியும் மூடி, திரையும் இழுத்துவிட்டு நிற்கும் வண்டியில் நடுவில் சிக்கிய காற்று அந்தச் சூட்டை நெருங்கிவிடும். பட்டை அலையலையாக நெளிந்துவிடும். பிளைவுட் போடுவதானால் 4 மி.மீ., ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ரகம். சாதாரண பிளை முதல் மழையிலேயே ஏடு பிரியும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்து தருகிறவர்கள் இருந்தால் அதுவும் சரி. ஆனால் துளைகளைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். 440 மி.மீ. நீள ஏபிஎஸ், காலைக்கும் நடுமதியத்துக்கும் நடுவில் 40 டிகிரி ஏறினால், சுமார் ஒன்றரை மி.மீ. நீளும். ஸ்க்ரூ துளையில் அதற்கு இடம் இல்லையென்றால் மூலை வெடிக்கும். உங்கள் அசல் சட்டம் உடைந்ததே பெரும்பாலும் இப்படித்தான். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 5.5 மி.மீ. துளையும் அகலத் தலையும் போட வேண்டும்.

செய்வது: 14 அங்குல வென்ட்டை எடுத்துக்காட்டாக வைத்து

துளை 356 × 356 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்சுவர்ப் பட்டையின் வெளியளவு 352, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி. முகச்சட்டம் வெளியே 436, உள்ளே 340. உள்கூரைமேல் சுற்றிலும் 40 மி.மீ. படியும், பட்டையின் கீழோரத்தையும் மறைக்கும்.

தேக்கு 48 × 10 மி.மீ. பட்டியலாக இழைத்து, 8 அடி நீளம் வாங்கினால் போதும். நான்கு துண்டு, ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் 436, இரு முனையும் 45 டிகிரி. எதிரெதிர்த் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து நீளம் சரிபாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம்கூட மூலையில் வாய் பிளந்து காட்டும்.

45 டிகிரி வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டாம் பூச்சு போட்டு ஒட்டுங்கள். தண்ணீர் தாங்கும் மரைன் வகை பசைதான் வேண்டும். கிளாம்ப் இல்லையென்றால் சட்டத்தைச் சுற்றி இரண்டு சுற்று சணல்கயிறு கட்டி, மூலைகளில் அட்டை மடித்து வைத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். நான்கு மூலையும் ஒரே சமமாக இறுகும். இறுகியதும் குறுக்களவு இரண்டையும் பாருங்கள். 1 மி.மீ.க்குமேல் வித்தியாசம் இருந்தால் பசை காயும் முன் தள்ளிச் சரி செய்யலாம், பிறகு முடியாது. 24 மணி நேரம் கழித்து ஒவ்வொரு மூலையின் பின்பக்கத்திலும் 1.5 மி.மீ. அலுமினிய மூலைத்தகடு பதித்துச் சிறு ஸ்க்ரூவால் பிடியுங்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் பசையை மட்டும் நம்ப முடியாது.

உள்விளிம்பை 3 மி.மீ. உருட்டிவிடுங்கள். கேரவனில் நின்று நிமிரும்போது தலை இடிப்பது இந்த ஓரத்தில்தான்.

பிறகு உப்புத்தாள் 120, 220. அதன்மேல் பாலியுரித்தேன் தெளிவார்னிஷ் மூன்று பூச்சு, முன்னும் பின்னும், ஸ்க்ரூ துளைக்குள்ளும். முகத்தை மட்டும் அடித்து முதுகை விட்டால் மரம் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும். வீட்டுக் கதவுக்குப் போடும் அரக்குப் பாலிஷ் இங்கே வேண்டாம், ஈரத்தில் வெளுத்துப்போகும்.

ஏசிபி பட்டையை நான்கு தனித் துண்டாக வெட்டாமல் ஒரே நீளமாக 1430 மி.மீ. வெட்டி, பின்புறம் 352 மி.மீ.க்கு ஒரு வீ வடிவப் பள்ளம் எடுத்து மடித்தால் மூலையில் கோடு தெரியாது. மிச்சம் இருக்கும் 22 மி.மீ. நாக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்து ரிவெட் அடிக்க. முன்தகட்டை வெட்டிவிடாமல் பள்ளம் எடுக்கும் ரவுட்டர் போர்டு கடையிலேயே இருக்கும். அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பட்டையின் உயரம் அந்தந்த இடத்து ஆழத்தைவிட 3 மி.மீ. குறைவு. மேலே முட்டினால் ஓடும்போது கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் வகைக்கு உள்சுவர்ப் பட்டை பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்கைலைட்டின் சுவரே கீழ்வரை வந்துவிடும். முகச்சட்டத்தை மட்டும் அட்டையின்படி, குழல்கள் முழுவதும் மறையும் அகலத்தில், 12 மி.மீ. கனத்தில் செய்யுங்கள். இறுக்கும் விசை முழுவதையும் தாங்கப்போவது அதுதான்.

வளைந்த கூரையில் தட்டைச் சட்டம்

சட்டத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கம் ஒட்டும், இரண்டு பக்கம் வாய் திறக்கும். 3 மி.மீ. வரை இடைவெளி என்றால் 10 மி.மீ. அகல ஃபோம் டேப்பைப் பின்புறம் ஒட்டினால் தீர்ந்தது. அதற்குமேல் என்றால் மரத்தைக் கூரையின் வளைவுக்குச் சீவ வேண்டும். சட்டத்தை இடத்தில் பிடித்துக்கொண்டு, பெரிய வாஷர் ஒன்றின் துளையில் பென்சில் முனையை வைத்து, வாஷரின் விளிம்பு உள்கூரையைத் தொட்டபடி உருட்டிக்கொண்டே போங்கள். கூரையின் வளைவு அப்படியே சட்டத்தின் பக்கவாட்டில் கோடாக விழும். அந்தக் கோடுவரை இழைத்தால் நகம் நுழைய இடம் இருக்காது. ஸ்க்ரூவை இறுக்கி வளைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்; மரம் வளையாது, மூலை திறந்துகொள்ளும்.

மாட்டுவது

12 வோல்ட் மெயின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஃபேன், விளக்கு ஒயர்கள் ஸ்க்ரூ போகும் பாதையில் இல்லாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். வெட்டோரத்தில் ஃபோம் போன இடங்களுக்கு 10 மி.மீ. எக்ஸ்எல்பிஇ (சூடு தடுக்கும் பாலித்தீன் ஃபோம்) ஷீட்டைப் பட்டையாக வெட்டிச் செருகுங்கள். ஸ்ப்ரே ஃபோமைத் தவிர்ப்பது நல்லது. அது ஊதி உள்கூரையைக் கீழே தள்ளிவிடும், சட்டத்தையும் கூரையோடு ஒட்டிவிடும்.

இரண்டாம் வகையில், ஸ்க்ரூ ஏற மரம் இருக்கிறதா என்று பாருங்கள். 3, 4 மி.மீ. உள்கூரைப் பிளையில் ஸ்க்ரூ நிற்காது, இரண்டு குலுக்கலில் வழிந்துவிடும். துளையைச் சுற்றிக் கூரைக்குள் ரீப்பர் இல்லையென்றால் 25 மி.மீ. கன ரீப்பரை நான்கு பக்கமும் உள்ளே தள்ளி, பாலியுரித்தேன் பசையால் பிடித்து ஒரு நாள் விடுங்கள்.

ஸ்க்ரூ நீளக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். சட்டம் 10, உள்கூரை 4, ரீப்பர் 25, மொத்தம் 39 மி.மீ. 4 × 30 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் ரீப்பருக்குள் 16 மி.மீ. ஏறும், வெளித்தகட்டுக்கு 9 மி.மீ. முன்பே நின்றுவிடும். கையில் இருக்கிறதே என்று 40 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டால் கூரை தகட்டைக் குத்தி நீங்களே ஒரு புது ஒழுகலை உண்டாக்குகிறீர்கள். பக்கத்துக்கு இரண்டு, மூலையிலிருந்து 70 மி.மீ. தள்ளி, ஆக மொத்தம் எட்டு ஸ்க்ரூ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அடியில் கப் வாஷர். தேக்கில் 4.5 மி.மீ. துளை முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ரீப்பரில் 2.5.

முதல் வகையில் கணக்கு வேறு. சட்டம் முதலில் உள்கூரையைத் தொட வேண்டும், குழலை அல்ல. குழலின் வாய் உள்கூரை மட்டத்தைவிட 1, 2 மி.மீ. மேலே இருந்தால்தான் இறுக்கும்போது கூரை நடுவில் கவ்வப்படும். குழல் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு திருகினாலும் மேல்பாகம் ஆடும். நீட்டியிருக்கும் அளவைவிட 2 மி.மீ. கூடுதல் கனத்தில் ஒரு பட்டையைச் சட்டத்துக்கும் உள்கூரைக்கும் நடுவில் கொடுங்கள். மாறாக இடைவெளி 6 மி.மீ.க்குமேல் இருந்தால், ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் இடைவெளியைவிட 1 மி.மீ. குட்டையான குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள், சட்டம் உள்வாங்காது. ஸ்க்ரூ குழலுக்குள் 12 மி.மீ.யாவது ஏற வேண்டும், ஆனால் ஈர்க்குச்சி காட்டிய ஆழத்துக்கு 3 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். அடி முட்டினால் குழல் மேலே பிய்ந்துவிடும், அதைச் சரிசெய்ய ஸ்கைலைட்டையே கழற்ற வேண்டிவரும்.

பிளாஸ்டிக் குழலில் ஏற்கெனவே ஒரு மரைத்தடம் இருக்கிறது. ஸ்க்ரூவை வாயில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள்; ஓர் இடத்தில் 'டக்'கென்று லேசாக விழும். அதுதான் பழைய தடத்தின் தொடக்கம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய்போல ஏறும். இதைச் செய்யாமல் அழுத்தித் திருகினால் புதுத் தடம் வெட்டும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனால் குழல் வழுக்கிவிடும்.

பவர் டிரில்லால் இறுக்காதீர்கள், கைத் திருப்புளி மட்டும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏற்றிவிட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். திருப்புளியை மூன்று விரலால் பிடித்து அது நிற்கும் இடம்வரைதான். முதல் வகையில் மேலே விளிம்பைச் சுற்றிப் பியூட்டைல் லேசாகப் பிதுங்கி வருகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். நான்கு பக்கமும் ஒரே அளவாகப் பிதுங்கினால் இறுக்கம் சமம்.

சட்டத்துக்கும் உள்கூரைக்கும் நடுவில் சிலிக்கான் வைக்க வேண்டாம். கேட்காமலேயே பல பட்டறைகளில் வைத்துவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். மழையைத் தடுப்பது மேல்விளிம்பின் வேலை. கீழே அடைத்தால் ஒழுகல் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் போகும். தண்ணீர் ஃபோமிலும் பிளையிலும் ஊறி, நீங்கள் பார்க்கும்போது உள்கூரை தொப்பையாகத் தொங்கும். வெல்க்ரோ, க்ளூ கன் பசை இரண்டும் மே மாதத்தில் இளகி, சட்டம் கட்டில்மேல் விழும்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஃபோம் டேப்பும் பியூட்டைலும் அமர்ந்து, சில ஸ்க்ரூ கால் திருப்பு கேட்கும். முதல் பெருமழை முடிந்த மறுநாள் காலை முன்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, இடுக்கில் ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து உள்ளே விட்டு எடுங்கள். காய்ந்து வந்தால் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டிவிடலாம். நனைந்து வந்தால் ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போக வேண்டியதுதான்.